நியூயோர்க் நகரின் குழாய்நீர்

நியூயோர்க் நகர மாந்தர் தம் ஊரின் வானளாவும் மாடங்களைப் புகழ்வது போலவே தம் வீட்டுக் குழாய்நீரையும் புகழ்ந்து பேசுவர். 'பேகல்' என்னும் வளைய ரொட்டி அங்கு சுவைப்பதற்கும் அந்நீரின் மென்மையே காரணம் என்பாருமுளர். இப்பெருமிதம் எவ்வாறு பிறந்தது, எதனால் நிலைக்கின்றது என்பன ஆராயத்தக்கன.

முற்காலத்தில் அந்நகரின் நீர் இகழ்ச்சிக்குரியதாகவே இருந்தது. மன்ஹற்றன் தீவைச் சூழ்ந்த நீர் உவர்ப்புடையது. ஊர்க் கிணறுகளோ கழிவு ஊறி மாசுற்றன. 1799 ஆம் ஆண்டில் ஆரன் பர் முதலியோர் நீர் வழங்கவென மன்ஹற்றன் கொம்பனியை நிறுவினர். எஞ்சும் முதலைப் பிற தொழிலில் இடலாமெனச் சாசனத்தில் இருந்த ஒரு விதியைப் பற்றிக்கொண்டு அக்கொம்பனி வங்கித் தொழிலில் இறங்கிற்று; நீர்ப்பணி நலிந்தது. 1832 இல் வாந்திபேதி ஏறத்தாழ 3,500 உயிர்களைக் கவர்ந்தது. 1835 டிசம்பரில் பெருந்தீ மூண்டபோது, கடுங்குளிரால் நீர் உறைந்துவிட, வணிகப் பகுதியின் பெரும்பாகம் சாம்பராயிற்று.

இவ்விரு துன்பங்களும் நகரமாந்தரை விழிப்பித்தன. குறோட்டன் ஆற்றை மறித்து, 41 மைல் நீளமான செங்கற் கால்வாய் அமைக்கப்பட்டது. மைலுக்கு 13 அங்குலமளவான வாட்டத்தில், இயந்திரமின்றித் தன் எடையாலேயே நீர் ஓடிவந்தது. 1842 ஒக்டோபர் 14 ஆந் திகதி ஊர்வலங்களோடு நகரம் அதனைக் கொண்டாடிற்று.

மக்கள் பெருகவே குறோட்டன் நீர் போதாதாயிற்று. 20 ஆம் நூற்றாண்டில் கற்ஸ்கில் மலைநீரும் டெலவெயர் ஆற்றின் மேற்பகுதி நீரும் நகருக்குக் கொணரப்பட்டன. அசோக்கன் நீர்த்தேக்கத்தின் பொருட்டு ஏறத்தாழ 2,000 பேர் தம் ஊர்களை இழந்தனர், இடுகாடுகளும் பெயர்க்கப்பட்டன. நகரத்தார் பருகும் தெளிநீரில் அம்மலைநாட்டாரின் இழப்பும் கலந்துள்ளது.

1989 இல் அமெரிக்க மத்திய அரசு, ஆற்றுநீரையும் ஏரிநீரையும் வடிகட்டியே வழங்க வேண்டுமென விதித்தது. நீர்ப்பிடிப்பு நிலத்தைச் செவ்வனே காக்கும் நகரங்களுக்கு மட்டும் விலக்களித்தது. வடிகட்டு நிலையத்துக்குப் பல நூறு கோடி டொலர் வேண்டும். ஆகவே நகரம் 1997 இல் மலைநாட்டு ஊர்களோடு ஓர் உடன்படிக்கை செய்தது. விற்க விரும்புவோரிடமே நிலம் வாங்குதல், கமக்காரர் சாணமும் பசளையும் ஓடைகளிற் சேராவாறு காக்கப் பொருளுதவுதல், வீட்டு மலக்குழிகளைத் திருத்துதல் என்பன அதன் கூறுகள். நீரை மாசுற்றபின் தூய்மையாக்குவதினும் மாசுறாது காத்தலே சிக்கனம் என்பதனை உலகம் இதனாற் கண்டது. இன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி கலன் நீர் நகருக்குச் செல்கின்றது. அதன் பெரும்பாகம் வடிகட்டப்படாதது. குளோரீனும் புறவூதாக் கதிரும் அதிலுள்ள நோய்க்கிருமிகளை ஒழிக்கின்றன. குறோட்டன் நீர் மட்டும் 2015 முதல் வடிகட்டப்படுகின்றது.

குறைகளும் உள. மலையிலிருந்து தூயதாய் வரும் நீர், பழைய வீடுகள் சிலவற்றின் ஈய இணைப்புக் குழாய்களில் நஞ்சேறக்கூடும். அக்குழாய்களை மாற்றுவதும் நகரப் பெருமையின் ஒரு பகுதியே. முன்னோர் கட்டிய கால்வாயைப் புகழ்வது எளிது. அதன் தலைவாயிலில் வாழ்வோர்க்கும் கடைக்குழாயிற் பருகுவோர்க்கும் உரிய கடனை ஆண்டுதோறும் ஆற்றுவதே அப்புகழை மெய்யாக்குவது.