டெனிம் வேறு, ஜீன்ஸ் வேறு

முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கிழித்தே விற்றதாக இருந்தாலும் பரவாயில்லை. ஓட்டையின் குறுக்கே தொங்கும் நூல்கள் வெள்ளையாக இருக்கும். மேலிருந்து கீழாக ஓடுபவை மட்டும் நீலம். நெசவாளர் பேச்சில் சொன்னால் பாவு நீலம், ஊடை வெள்ளை. இப்படி நெய்த துணிதான் டெனிம்.

ஊடை நூல் மூன்று பாவு இழைகளுக்கு அடியில் நுழைந்து, ஒன்றின்மேல் ஏறும். அடுத்த வரியில் அந்த ஏற்றம் ஓர் இழை தள்ளி விழும். துணியில் தெரியும் சாய்வுக் கோடுகள் அப்படி வந்தவை. வெளிப்பக்கம் பெரும்பாலும் பாவே தெரிவதால், பேண்ட்டின் காலை மடித்துவிட்டால் உள்பக்கம் வெளுப்பாக இருக்கிறது.

டெனிம் துணி, ஜீன்ஸ் உடை. இன்றைய வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் ஜீன் என்பதும் ஒரு காலத்தில் துணியின் பெயர்தான்! இத்தாலியின் ஜெனோவா, ஆங்கிலேயர் வாயில் தேய்ந்து ஜீன் ஆனது. டெனிமுக்குப் பிரான்சின் நீம் நகரத்தைக் காட்டுவார்கள். அதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இரண்டும் தனித்தனித் துணிகள். ஜீனில் பாவும் ஊடையும் ஒரே நிறம். டெனிமில் ஒன்றுக்கு மட்டும் சாயம். முரட்டு வேலைக்கு டெனிம்தான்.

1873 மே 20 அன்று தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும், பேண்ட் பாக்கெட் பிய்ந்துபோகாமல் ரிவெட் அடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்தப் பேண்ட் டெனிமில் தைத்தது. அதை அவர்கள் 'இடுப்பு ஓவரால்' என்றே விற்றார்கள். 1960 வாக்கில்தான் இளைஞர்கள் வாயில் புழங்கிய 'ஜீன்ஸ்' அதற்கு நிலைத்தது. ஜீன் துணி மறைந்தது. அதன் பெயரை டெனிம் பேண்ட் எடுத்துக்கொண்டது.

இனி அந்த நீலம். பாவு நூல்களைக் கயிறுபோல் சேர்த்து இண்டிகோ தொட்டியில் முக்குவார்கள். வெளியே வரும்போது நூல் மஞ்சள் கலந்த பச்சை. காற்று பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். திரும்பத் திரும்ப முக்கினாலும் சாயம் நூலின் நடுவரை இறங்காது, மேலே வளையமாக நின்றுவிடும். மற்றச் சாயங்களில் இது குறை. இங்கே இதுதான் அழகு. உரசும் இடத்தில் மேல்நீலம் உதிர்ந்து உள்வெள்ளை எட்டிப் பார்க்கும். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்த இடம் சதுரமாக வெளுப்பது அதனால்தான். அதுவரை பொறுக்காதவர்களுக்குத் தொழிற்சாலையிலேயே தேய்த்துக் கொடுக்கிறார்கள்.