பழைய வீட்டில் ஏ.சி. மாட்டப் போறீங்களா? முதல்ல வயரை பாருங்க!

சென்னை: வெயில் காலம் வந்துவிட்டால் போதும், ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவல்லிக்கேணி பக்கம் உள்ள பழைய வீடுகளிலும் ஏ.சி. ஏறிவிடுகிறது. தவணையில் கொடுக்கிறார்கள். கடைக்காரரே ஆள் அனுப்பி மாட்டியும் தருகிறார். ஆனால் அந்த வீட்டு சுவருக்குள் ஓடும் வயர் 30, 40 வருஷத்துக்கு முன்பு 2 பேன், 4 பல்பு, ஒரு ரேடியோவுக்காக போட்டது என்பதை யாரும் யோசிப்பதில்லை. வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது சுமார் 7, 8 ஆம்பியர் கரண்ட் இழுக்கும். பழைய மாடலாக இருந்தால் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகிற அந்த நொடியில் அதைப்போல சில மடங்கு இழுக்கும். வீட்டில் உள்ள சின்ன பிளக் பாயிண்ட் வெறும் 5 ஆம்பியர். ஏ.சி.யின் பெரிய பிளக் அதில் நுழையவே நுழையாது. அதுவே ஒரு எச்சரிக்கைதான். நம்ம ஆளுங்க விடுவாங்களா? கன்வர்ட்டர் பின் வாங்கி சொருகி, இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ஓட்டிவிடுகிறார்கள்.

கரண்ட் 2 மடங்கு ஆனால் வயரில் ஏறும் சூடு 4 மடங்கு ஆகும். மெல்லிசான பழைய வயர் சுவருக்குள்ளேயே கொதிக்கும். மேலே உள்ள ரப்பர், பிளாஸ்டிக் உறை காய்ந்து உதிர்ந்துபோய் இருந்தால் ஒரு பொறி போதும். சில வீடுகளில் அலுமினிய வயர் இருக்கும். அதில் காப்பர் வயரை முறுக்கி ஒட்டுப்போட்டிருந்தால் அந்த இடம் நாளாக நாளாக லூசாகி சூடேறும்.

ப்யூஸ் அடிக்கடி போனால் லோடு தாங்கவில்லை என்று அர்த்தம். அதற்கு நாம் செய்வது என்ன? ப்யூஸ் கட்டையில் கனமான கம்பியை நாலு சுற்று சுற்றி மாட்டுகிறோம். அப்புறம் ப்யூஸ் போகாது. வயர்தான் எரியும். ஏ.சி. ரூமில் ஜன்னல், கதவு எல்லாம் அடைத்திருக்கும். தூங்குகிறவர்களுக்கு நெருப்பை விட புகைதான் எமன். எழுந்து கதவை திறக்கும் முன்பே மயக்கம் வந்துவிடும்.

ஏ.சி. போட்டதும் லைட் மங்குகிறதா? பிளக்கை தொட்டால் சுடுகிறதா? சுவிட்ச் போர்டில் பழுப்பு கறை, பிளாஸ்டிக் கருகின வாடை இருக்கிறதா? உடனே நிறுத்திவிட்டு லைசென்ஸ் உள்ள வயர்மேனை கூப்பிடுங்கள்.

அவர் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. வீடு முழுக்க இப்போதே மாற்ற முடியாவிட்டாலும், மெயின் போர்டில் இருந்து ஏ.சி.க்கு மட்டும் தனி லைன் இழுக்க வேண்டும். 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர், அதற்கு தனியாக 20 ஆம்பியர் எம்.சி.பி. சுவரை உடைக்க வேண்டாம், பட்டி அடித்து மேலேயே கொண்டு போகலாம். அந்த மெயினே பழசாக இருந்தால் அதையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும். எர்த் நிஜமாகவே இருக்கிறதா என்று டெஸ்ட் செய்ய சொல்லுங்கள். பழைய வீடுகளில் 3 ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்கு பின்னால் வயரே இருக்காது. ஷாக் அடித்தால் கரண்டை துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் அப்போதே மாட்டிவிட்டால் ரொம்ப நல்லது. லோடு கூடுவதை மின்வாரிய ஆபீசிலும் சொல்லிவிட வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். வயரிங் ஓனர் பொறுப்பு, ஓனரோ 'ஏ.சி. உங்களுக்குத்தானே' என்பார். செலவில் பாதியை வாடகையில் கழித்துக்கொள்ள முடியுமா என்று பேசிப் பாருங்கள். வயர் அவர் வீட்டு சுவரில்தானே இருக்கப்போகிறது!

இன்னொரு ஆபத்து வெளியே தொங்குகிறது. ஸ்பிலிட் ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட் 25, 30 கிலோவுக்கு குறையாது. சுண்ணாம்பு காரை சுவரில் போல்ட் பிடிப்பு நிற்காது. கீழே சந்தில் குழந்தைகள் விளையாடும். முடிந்தவரை மொட்டை மாடியில் ஸ்டாண்டு போட்டு வைப்பதே மேல்.

ஏற்கனவே ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். 'கேஸ் குறைஞ்சிடுச்சி சார், போட்டுடலாமா?' என்று வருஷா வருஷம் கேட்டு பணம் வாங்கும் ஆட்கள் உண்டு. கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீருகிற சரக்கு அல்ல. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்பினால் அந்த பணம் காற்றோடு போச்சு. பாதி நேரம் பிரச்சினை கேஸே அல்ல, தூசி அடைத்த பில்டர்தான். 2 வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி குழாய் தண்ணீரில் அலசி, காய வைத்து மாட்டினால் போதும். பழைய ஏ.சி.யில் இருப்பது ஆர்-22 கேஸ். புதுசில் பெரும்பாலும் ஆர்-32. ஒன்றுக்கு பதில் இன்னொன்றை நிரப்பக்கூடாது. ஆர்-32 தீப்பிடிக்கும் தன்மை கொஞ்சம் உள்ளது.

ஏர் கூலர் வாங்கலாமா என்று கேட்பவர்கள் பலர். வேலூர், மதுரை போன்ற வறண்ட வெயிலுக்கு பலன் தரும். கடலோர சென்னையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் புழுக்கம்தான் கூடும்.

ஏ.சி.க்கே வசதி இல்லை என்பவர்களுக்கு மாடியும் பேனும் இருக்கிறது. பழைய சீலிங் பேன் 75 வாட். புதுசாக வரும் பி.எல்.டி.சி. பேன் 30 வாட் அளவுதான். தினம் 15 மணி நேரம் ஓடினால் 2 மாதத்தில் ஒரு பேனுக்கு 40 யூனிட் மிச்சம். பழைய பேன் மெதுவாக சுற்றினால் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும், சின்ன செலவில் வேலை முடிந்துவிடும்.

மேல் மாடி வீடு என்றால் அனல் இறங்குவது கூரை வழியாகத்தான். மரக்கட்டையும் செங்கலும் வைத்த மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் அழகுக்காக பால்ஸ் சீலிங் போட்டு மூடிவிடாதீர்கள். ஒழுக்கும் கரையானும் உள்ளே வேலை செய்வது தெரியாமலே கட்டை இற்றுப்போகும். அதை விட மொட்டை மாடியை பெருக்கி, கழுவி, சுண்ணாம்பு 2, 3 கோட் அடியுங்கள். வெள்ளை தளம் வெயிலை திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்குள் 2, 3 டிகிரி வரை குறைய வாய்ப்பு உண்டு. கூல் ரூப் பெயிண்ட் என்றால் சில வருஷம் தாங்கும், விலை கூட. சுண்ணாம்பு ஐப்பசி மழையில் கரைந்துவிடும், மாசியில் மறுபடி அடிக்க வேண்டியதுதான்.