வல்லரசுகளின் புதிய தூது

தூது தமிழர்க்குப் புதிய பொருளன்று. வேந்தன் வேந்தனிடத்து விடுக்குந் தூதும், காதலர் அன்னத்தையும் முகிலையும் விடுக்குந் தூதும் நம் இலக்கியத்திற் பயின்று வருவன. அவற்றில் உரைப்பவர் யார், கேட்பவர் யார் என்பது வரையறுக்கப்பட்டிருந்தது. இக்காலத் தூதரோ அரண்மனை வாயிலைக் கடந்து, பிறநாட்டு மக்கள் ஒவ்வொருவரோடும் சமூக ஊடகங்களின் வழியே நேரிற் பேசுகின்றனர். இத்தூது எப்பொழுது பயன்றரும், எப்பொழுது பயனற்றொழியும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவும் சீனாவும் தக்க சான்றாகும்.

2008ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரிலுள்ள அமெரிக்கத் தூதரகம், காற்றின் மாசை அளக்குங் கருவியொன்றைத் தன் வளவில் நிறுவிற்று. 2.5 மைக்குரோமீற்றருக்கு மேற்படாத நுண்டுகள்களின் அளவை, இன்று எக்ஸ் எனப் பெயர்பெறும் ருவிற்றரில் மணிதோறும் வெளியிட்டது. 2009இல் சீன அரசு ருவிற்றரைத் தன் நாட்டில் தடைசெய்தது. எனினும் அவ்வெண்கள் வேறு வழிகளால் மக்களைச் சென்றடைந்தன. அரசின் அறிக்கை 'சிறிதளவு மாசு' என்று கூறிய நாள்களிலும் தூதரகத்தின் எண் பேராபத்தை உணர்த்தியதுண்டு. 2012 ஜூன் மாதத்திற் சீனச் சுற்றாடற் பிரதியமைச்சர் ஒருவர், வெளிநாட்டுத் தூதரகங்கள் இத்தகைய வெளியீட்டை நிறுத்தவேண்டுமென்றார். நிறுத்தப்படவில்லை. மாறாக, 2013 ஜனவரி முதல் 74 நகரங்களின் நுண்டுகள் அளவைச் சீன அரசே வெளியிடலாயிற்று. பெய்ஜிங் நகரில் ஒரு கனமீற்றருக்கு 2013இல் 89.5 மைக்குரோகிராமாக இருந்த ஆண்டுச் சராசரி 2020இல் 38 ஆகக் குறைந்தது. இதனைச் சாதித்தவை சீனாவின் கடும் நடவடிக்கைகளே. ஆயினும் மறைக்கவியலாத எண்ணொன்று மக்களை விழிப்பித்ததென்பதை மறுத்தல் கூடாது.

இனி மறுபக்கம் நோக்குவோம். 2019 அளவிற் சீனத் தூதுவர் பலர் ருவிற்றரிற் புகுந்தனர். தம் மக்களுக்கு அடைத்த வாயிலினூடே பிறநாட்டு மக்களை அழைத்தமை முரணேயாம். 2020 மார்ச்சில் வெளிவிவகார அமைச்சின் பேச்சாளர் சாவோ லிச்சியான், கொள்ளைநோயை வூகானுக்குக் கொணர்ந்தது அமெரிக்கப் படையாயிருக்கலாம் எனத் தக்க சான்றின்றி எழுதினார். சின்னாளில் அமெரிக்கச் சனாதிபதி ட்ரம்ப் 'சீன வைரசு' என்று எழுதினார். வசை வசையை ஈன்றதேயன்றி, உண்மையை ஓரடியேனும் முன்னகர்த்தவில்லை.

கேட்பவரும் இன்று வாளாவிருப்பதில்லை. 2024 பெப்ரவரியில் அமெரிக்கத் தூதரகம் ஒட்டகச்சிவிங்கிப் பாதுகாப்புப் பற்றிச் சீனாவின் வெய்போ தளத்தில் ஒரு செய்தி வெளியிட்டது. பங்குச்சந்தை வீழ்ச்சியால் நொந்த சீனர் பல்லாயிரவர் அதன்கீழே தம் குறையை எழுதிக் குவித்தனர். தம் வீட்டில் முறையிட இடம் பெறாதார் அயலார் திண்ணையில் அழுதனர். தூதரகம் இதனை எண்ணியிராது.

காற்றை அளந்த அத்தூதுக்கும் முடிவு நேர்ந்தது. நிதிக் குறைவைக் காரணங்காட்டி, தூதரகங்களின் காற்றளவைகளைப் பகிர்வதை அமெரிக்கா 2025 மார்ச்சில் நிறுத்திற்று. பகைவனும் சரிபார்க்கத்தக்க சொல்லே தூதுவனின் பெருவலி. அவ்வலியைச் செலவுக்கஞ்சிக் கைவிட்ட அரசு, வசைமொழிக்கு ஒரு காசும் செலவில்லையென மகிழலாமோ? வல்லரசு எதுவாயினும், அதன் தூதுரையைப் படிக்கும் மாணவர், 'இது அளந்தறியத்தக்கதோ?' என முதலில் வினவுவாராக.