சுடுவதா, விடுவதா? ஆப்பிரிக்க வேட்டைப் பயணத்தின் அறிவியல்

கடந்த மாதம் நான்காம் படிவ மாணவர்களுக்கு உணவு வலையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கையை உயர்த்தினார்.

“டீச்சர், ஆப்பிரிக்காவில் காசு கட்டினால் சிங்கத்தைச் சுடலாமாம். சட்டமே அனுமதிக்கிறதாம். அப்புறம் நாம் எதற்கு வனவிலங்குப் பாதுகாப்பு என்று படிக்கிறோம்?”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே வரியில் முடிகிற பதில் அந்தக் கேள்விக்குக் கிடையாது. உயிரியல், இயற்பியல், மரபியல், கொஞ்சம் பொருளியல் எல்லாம் சேர்ந்தால்தான் பதில் கிடைக்கும். அன்று மணி அடித்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து இங்கே தொடர்கிறேன்.

நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. உங்களையும் தொடச் சொல்லவில்லை. ஆனால், நீங்கள் முதன்முறையாக ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடச் செல்கிறீர்கள் என்று சற்று நேரம் வைத்துக்கொள்வோம். செல்லும் நாடு நமீபியா. அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் உங்களுக்கு எந்த அறிவியல் தேவைப்படுகிறது என்று பார்ப்போமா?

பயணம் காகிதத்தில் தொடங்குகிறது

நினைத்தவுடன் காட்டுக்குள் நுழைந்து சுட முடியாது. நமீபியாவில் வெளிநாட்டினர் கொம்பையோ தோலையோ நினைவுப்பொருளாகக் கொண்டுசெல்ல வேட்டையாடும் பருவம் பிப்ரவரி முதல் நவம்பர் வரைதான். அரசிடம் பதிவு பெற்ற வேட்டை வழிகாட்டி ஒருவர் உடன் இருக்க வேண்டும். எந்த விலங்கு, எத்தனை என்பது உரிமத்தில் எழுதப்பட்டிருக்கும்.

அந்த ‘எத்தனை’ எப்படி முடிவாகிறது? விலங்குகளைக் கணக்கெடுத்து, ஓராண்டில் எத்தனை குட்டிகள் பிறக்கின்றன, எத்தனை தாமாகவே இறக்கின்றன என்று பார்த்து, எத்தனையை எடுத்தால் கூட்டம் குறையாது என்று கணக்கிடுகிறார்கள். வங்கியில் முதலைத் தொடாமல் வட்டியில் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதைப் போன்றது இது.

நாடு திரும்பும்போது மற்றொரு காகிதமும் வேண்டும். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் அனைத்துலக வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் 1975-இல் நடைமுறைக்கு வந்தது. சிறுத்தை அதன் முதல் பட்டியலிலும், ஆப்பிரிக்கச் சிங்கம் இரண்டாம் பட்டியலிலும் உள்ளன. உரிய அனுமதி இல்லாமல் அவற்றின் தோலையோ பல்லையோ எல்லை கடத்துவது குற்றம்.

தோட்டாவும் இயற்பியலும்

அடுத்தது துப்பாக்கி. நமீபியச் சட்டம் இந்த இடத்தில் நம் இயற்பியல் பாடத்தைப் போலவே பேசுகிறது. சிறிய ஸ்பிரிங்பாக் மானுக்குத் தோட்டாவின் இயக்கச் சக்தி குறைந்தது 1,350 ஜூல் இருக்க வேண்டும். குடு, ஓரிக்ஸ் போன்ற பெரிய மான் வகைகளுக்கு 2,700 ஜூல். எருமைக்கும் யானைக்கும் 5,400 ஜூல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்கச் சக்தி கிடைக்கும். ‘.375’ வகைத் துப்பாக்கியின் தோட்டா ஏறக்குறைய 19.4 கிராம் எடை கொண்டது. குழாயை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 770 மீட்டர். விடை ஏறத்தாழ 5,750 ஜூல். எருமைக்குப் போதும். 55 கிலோ எடையுள்ள ஒருவரைப் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டிய சக்தியைவிட இது அதிகம்.

“அப்படியென்றால் எருமை தூக்கி எறியப்படுமா?” திரைப்படங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உண்மை வேறு. தள்ளும் வலிமையைச் சொல்வது உந்தம்; அதாவது, நிறையை வேகத்தால் பெருக்கி வருவது. அந்தத் தோட்டாவின் உந்தம் முழுவதையும் 700 கிலோ எருமை வாங்கிக்கொண்டாலும், அது வினாடிக்கு இரண்டு சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகரும். நத்தையைவிடச் சற்று வேகம், அவ்வளவுதான்.

அப்படியானால் விலங்கு எதனால் இறக்கிறது? இதயமோ நுரையீரலோ கிழிந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, மூளைக்கு ஆக்சிஜன் போகாததால் இறக்கிறது. அதற்குச் சில வினாடிகள் ஆகும். குறி ஒரு கையகலம் தவறிவிட்டால் வினாடிகள் மணிகளாகிவிடும். காயம்பட்ட எருமை புதருக்குள் மறைந்து நின்று, தேடி வருபவரைத் திருப்பித் தாக்கும். அதனால்தான் அனுபவமுள்ள வழிகாட்டிகள் புதியவரை முதல் நாளே காட்டுக்குள் அழைத்துப் போவதில்லை. முதலில் அட்டையில் குறி பார்த்துச் சுடச் சொல்வார்கள். விலங்கின் உடலமைப்பைப் படம் போட்டு விளக்குவார்கள். பலர் நினைப்பதுபோல இதயம் உடலின் நடுவில் இல்லை. முன்னங்கால்களுக்கு நேர் மேலே, மார்பின் கீழ்ப்பகுதியில் தாழ்வாக உள்ளது.

காற்று, கண், நிறம்

விடியலில் நடை தொடங்குகிறது. முன்னால் தடம் பார்ப்பவர். அவர் கையில் சாம்பல் நிரம்பிய சிறு துணிப்பை. அடிக்கடி அதைத் தட்டுவார். சாம்பல் பறக்கும் திசைதான் காற்றின் திசை. காற்று உங்கள் முதுகிலிருந்து விலங்கை நோக்கி வீசினால் அன்றைய நடை வீண். உங்கள் வியர்வை மணம் உங்களுக்கு முன்பே அங்கே போய்விடும்.

உடையிலும் அறிவியல் உண்டு. நம் கண்ணில் நிறம் உணரும் கூம்பணுக்கள் மூன்று வகை. மான், எருமை போன்றவற்றுக்கு இரண்டே வகை. சிவப்பையும் பச்சையையும் அவற்றால் தெளிவாகப் பிரித்தறிய முடியாது. ஆனால், நீலத்தை நன்றாகவே காணும். ஆகவே நீல ஜீன்ஸ் ஆகாது. நீலத்துக்கு வேறொரு ரசிகரும் உண்டு. தூக்க நோயைப் பரப்பும் ட்செட்சி ஈ நீலத்தையும் கறுப்பையும் தேடி வரும். அந்த ஈயைப் பிடிக்கும் பொறிகளை அதே நிறத் துணிகளில்தான் தைக்கிறார்கள்.

மூன்று மணி நேரம் நடக்கிறீர்கள். புதிய சாணம், மடங்கிய புல், மணலில் குளம்படி. தடம் பார்ப்பவர் திடீரென்று கையைத் தாழ்த்துகிறார். மூன்று கோல்களைச் சேர்த்துக் கட்டிய தாங்கியை வழிகாட்டி உங்கள் முன் விரிக்கிறார். உங்கள் இதயத்துடிப்பு உங்கள் காதிலேயே கேட்கிறது. அட்ரினலின் சுரந்து கை நடுங்குகிறது. நூறு மீட்டருக்கு அப்பால், குழாயின் மிகச் சிறிய நடுக்கமும் பல சென்டிமீட்டர் பிழையாகிவிடும். மூச்சைப் பாதி வெளியே விட்டு நிறுத்தச் சொல்கிறார் வழிகாட்டி.

இந்த நொடியில்தான் என் மாணவரின் கேள்விக்கு வருகிறோம். எதிரே நிற்பது குடு மான் அல்ல, சிங்கம் என்றால்?

மூக்கில் எழுதிய வயது

சிங்கக் கூட்டத்தின் ஆண் சிங்கத்தைக் கொன்றால் ஓர் உயிரோடு கணக்கு முடிவதில்லை. வெளியிலிருந்து புதிய ஆண்கள் வந்து கூட்டத்தைக் கைப்பற்றும். பழைய ஆணுக்குப் பிறந்த சிறு குட்டிகளைக் கொன்றுவிடும். குட்டிகளை இழந்த பெண் சிங்கங்கள் மீண்டும் விரைவில் கருத்தரிக்கத் தயாராகும் என்பதே காரணம். ஒரு தோட்டா, பல உயிர்.

கிரேக் பேக்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைக் கணினி மாதிரியில் ஆராய்ந்து 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஐந்து, ஆறு வயதைக் கடந்த ஆண்களை மட்டும் வேட்டையாடினால் சிங்கங்களின் எண்ணிக்கை நிலைத்திருக்கும் என்பது அவர்களின் முடிவு. அந்த வயதுக்குள் ஆண் சிங்கம் ஒரு தலைமுறைக் குட்டிகளையாவது வளர்த்து ஆளாக்கியிருக்கும்.

சரி, தூரத்தில் நிற்கும் சிங்கத்தின் வயதை எப்படி அறிவது? மூக்கைப் பார்த்து! குட்டியின் மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். வயது ஏற ஏறக் கரும்புள்ளிகள் பரவும். செரெங்கெட்டியில் பாதிக்கு மேல் கறுத்த மூக்கு என்றால் ஐந்து வயதைத் தாண்டிய சிங்கம். எல்லா வட்டாரங்களிலும் மூக்கு ஒரே வேகத்தில் கறுப்பதில்லை. ஆகவே பிடரி, பல், முகத் தழும்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மொசாம்பிக்கின் நியாசா காப்பகம் ஆறு வயது விதியை நடைமுறைப்படுத்தியது. பின்னர் தான்சானியாவும் பின்பற்றியது.

வயது மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2015-இல் சிம்பாப்வேயின் வாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே கொல்லப்பட்ட சிசிலுக்கு 13 வயது. வயது விதியின்படி அது முதிய சிங்கம்தான். ஆனால் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் கழுத்தில் கண்காணிப்புக் கருவி பொருத்தியிருந்தார்கள். முதலில் அம்பால் காயப்பட்ட அது, பல மணி நேரம் கழித்தே இறந்தது. உலகமே கொதித்தது.

தந்தம் இல்லாத யானைகள்

வேட்டைக்காரர்கள் தேடுவது பெரும்பாலும் மிகப் பெரிய கொம்பு, மிக நீண்ட தந்தம். மிகச் சிறந்ததையே தொடர்ந்து எடுத்தால் எஞ்சுவது என்ன?

மொசாம்பிக்கின் கொரொங்கோசா பூங்காவில் இதற்கு விடை இருக்கிறது. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில், தந்தத்துக்காகவும் இறைச்சிக்காகவும் யானைகள் பெருமளவில் கொல்லப்பட்டன. அது உரிமம் பெற்ற வேட்டையன்று, கட்டுப்பாடற்ற கொலை. போருக்கு முன் பெண் யானைகளில் சுமார் 18 விழுக்காட்டுக்குத் தந்தம் இல்லை. போருக்குப் பின் அது சுமார் 51 விழுக்காடு. தந்தமற்றவை தப்பிப் பிழைத்தன. அந்தப் பண்பை மகள்களுக்குக் கொடுத்தன. அதற்குக் காரணமான மரபணு எக்ஸ் நிறப்புரியில் இருப்பதாகவும், அதைப் பெறும் ஆண் கருக்கள் பிழைப்பதில்லை என்றும் 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாடநூலில் நாம் படிக்கும் ‘தெரிவு’ ஒரே தலைமுறையில் கண்முன்னே நிகழ்ந்துவிட்டது.

பணம் யாருக்கு, இறைச்சி யாருக்கு?

இனி பொருளியல். நமீபியாவில் தனியார் பண்ணை உரிமையாளர்களுக்கு 1975-லேயே தம் நிலத்து விலங்குகளால் பயன்பெறும் உரிமை கிடைத்தது. பொது நிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு அது கிடைக்கவில்லை. பயிரை மிதிக்கும் யானையும் ஆட்டைத் தின்னும் சிங்கமும் அவர்களுக்கு இழப்பு மட்டுமே. 1996-இல் சட்டம் திருத்தப்பட்டது. 1998-இல் முதல் நான்கு சமூகக் காப்பகங்கள் தோன்றின. இன்று 80-க்கும் மேல் உள்ளன. நாட்டின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலம் அவற்றில் அடங்கும். வேட்டைக் கட்டணத்தில் ஒரு பகுதி காவலர்களின் சம்பளமாகிறது. கொம்பு உங்களுக்கு, இறைச்சி ஊருக்கு.

எதிர்வாதமும் வலுவானது. கென்யா 1977-இல் வேட்டையைத் தடைசெய்து, படமெடுக்க வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பியது. தடைக்குப் பிறகும் அங்கே விலங்குகள் வெகுவாகக் குறைந்தன. “பார்த்தீர்களா, தடைதான் காரணம்” என்கிறார்கள் சிலர். அவசரப்படக்கூடாது. அதே காலத்தில் மக்கள்தொகை, கால்நடை, வேலி எல்லாமே பெருகின. ஒன்றன்பின் ஒன்று நடந்தால் முதலாவது இரண்டாவதற்குக் காரணமாகிவிடாது. போட்ஸ்வானா 2014-இல் வேட்டையை நிறுத்தி, 2019-இல் மீண்டும் அனுமதித்தது. ஆக, நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. பணம் ஊருக்குப் போய்ச் சேராத இடங்களில் “பாதுகாப்பு” என்பது வெறும் பேச்சுதான்.

நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்பது அண்மைய தேசியக் கணக்கெடுப்பு. இந்த எண்ணிக்கையில் வட்டி ஏது? முதலே கரைந்துகொண்டிருக்கிறது. ஒன்றைக்கூட எடுக்க இடமில்லை.

மறுவாரம் இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். அந்த மாணவர் மீண்டும் கையை உயர்த்தினார்.

“டீச்சர், தூரத்தில் நின்றால் மூக்கு சரியாகத் தெரியாதே. ஆறு வயதா, நான்கு வயதா என்று சந்தேகம் வந்தால்?”

“துப்பாக்கியை இறக்கிவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும்.”

“கட்டின காசு?”

“போனது போனதுதான். குட்டிகள் பிழைக்கும்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.