பிறர் நிலத்தில் அடிபட்டோரும் வக்கீல் அமர்த்தலும்

நாஞ்சில் நாட்டில் ஒருவருடைய நிலத்தில் மற்றொருவர் கால் வைக்காத நாள் கிடையாது. வயலுக்குச் செல்வோர் அடுத்தவர் வரப்பின் மேலேயே நடக்கின்றனர். மடை திறக்கப் போகிறவர் பத்துப் பேருடைய வயல்களைக் கடந்தாக வேண்டும். பனையேறும் தொழிலாளியோ ஒரே காலையில் பல விளைகளில் ஏறி இறங்குகிறார். கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு அறுவடைகளிலும் இயந்திரங்களுடன் அயலூர் ஆட்கள் வந்து சேர்கின்றனர். இவ்விதம் வந்தவருக்குக் கை கால் முறியவோ உயிர்ச்சேதம் நேரவோ செய்தால், முதலில் இரக்கம் எழுகிறது. சில நாட்களுக்குப் பின் வழக்கு எழுகிறது. அந்தச் சில நாட்களுக்குள் செய்ய வேண்டியவற்றைச் செய்யாது விடுவதனாலேயே நியாயமுள்ள பல கோரிக்கைகள் கெட்டுப்போகின்றன. நிலவுடைமையாளர் பொறுப்புக்கு உள்ளாவதும், தாமே பிறர் நிலத்தில் அடிபடுவதும் ஒருங்கே நேரக்கூடியவையாதலால், இவ்விஷயத்தை இரு பக்கத்திலிருந்தும் அறிந்திருப்பது நலம்.

ஒருவர் தமது நிலத்தில் விழுந்துவிட்டார் என்ற காரணத்தால் மட்டும் நிலத்துக்குடையவர் நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆகமாட்டார். அவர் காட்டியிருக்க வேண்டிய கவனத்தைக் காட்டவில்லை என்பது நிரூபிக்கப்படல் வேண்டும். வேலைக்கோ வியாபாரத்துக்கோ அழைக்கப்பட்டு வந்தவர் விஷயத்தில் அக்கவனம் மிகுதியாக வேண்டப்படும். புல் மூடிய பாழுங்கிணறு, இற்றுப்போன களத்துக் கொட்டகை முதலியவற்றை அவருக்குச் சுட்டிக்காட்டியிருக்க வேண்டும். அழையாது நுழைந்தவருக்கு இவ்வளவு கவனம் வேண்டப்படுவதில்லை. எனினும், அத்துமீறி வந்தவனுக்கு எதுவும் செய்யலாம் என்ற எண்ணம் முற்றிலும் பிழையானது.

இதற்குப் பீகாரில் நிகழ்ந்த ஒரு வழக்கே போதிய சான்று. அயல்வீட்டார் தம் கழிப்பிடத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்க விரும்பிய ஒருவர், அதற்குச் செல்லும் வழியில் மின்சாரம் பாயும் உறையில்லாக் கம்பியை எவ்வித எச்சரிக்கையுமின்றி அமைத்தார். அதில் பட்ட ஒரு பெண் மாண்டாள். அவள் அத்துமீறி நுழைந்தவள் என்ற வாதத்தை ஏற்காது, கவனமின்மையால் மரணம் விளைத்த குற்றத்துக்கான தண்டனையை உச்ச நீதிமன்றம் 1963-இல் உறுதி செய்தது. அக்குற்றம் அந்நாளில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அடங்கியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் அடங்குகிறது. தண்டனையின் உச்ச அளவும் 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்துள்ளது. தோவாளை, கல்குளம் தாலுகாக்களின் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்காக வீட்டு இணைப்பிலிருந்து வேலிக்கு மின்சாரம் கொடுக்க நினைப்போர் இதை மனத்தில் இருத்த வேண்டும். பன்றி வரும் வழியிலேதான் தண்ணீர் பாய்ச்சுகிறவரும் இருட்டில் வருகிறார்.

அடிபட்டவர் கூலிக்கு வந்த தொழிலாளியானால் சட்டத்தின் போக்கே வேறு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், பனைமரத்தில் சாறு இறக்குதல், மரம் வெட்டுதல், டிராக்டர் முதலிய இயந்திரங்களால் பயிரிடுதல், பூச்சிமருந்து தெளித்தல் போன்ற வேலைகளைத் தன் அட்டவணையில் சேர்த்திருந்தது. இவற்றில் வேலை காரணமாக விபத்து நேர்ந்தால், வேலை கொடுத்தவரிடம் தவறு இல்லாவிடினும் நஷ்டஈடு உண்டு. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அன்றாடக் கூலியாள் என்று கூறித் தப்பவும் இடமில்லாது போயிற்று. 2025 நவம்பர் 21 முதல் இச்சட்டத்தின் இடத்தை 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயம் பெற்றுள்ளது. ஏற்பாடு பெரும்பாலும் பழைய வழியிலேயே செல்கிறது. தொகையின் அளவை அறிய, பழைய சட்டம் நடந்த காலக் கணக்கு ஒன்றைக் காண்க: மாதம் 15,000 ரூபாய் ஊதியமுள்ள 40 வயதுத் தொழிலாளி இறந்தால், ஊதியத்தில் பாதியாகிய 7,500-ஐ அவ்வயதுக்குரிய 184.17 என்ற எண்ணால் பெருக்க, 13,81,275 ரூபாய் வரும். ஒரு சிறு நிலத்தின் விலை இது. தேங்காய் பறிக்க ஏறியவர் ‘சாறு இறக்குவோர்’ என்ற சொல்லுக்குள் அடங்குவாரா, மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் அழைத்து வந்த ஆளுக்குத் தோப்புக்காரர் பொறுப்பாவாரா என்பன போன்ற கேள்விகள் எழும்போதுதான் வக்கீலின் துணை உண்மையாகவே தேவைப்படுகிறது.

வக்கீலிடம் செல்லுமுன் சில காரியங்கள் முடிந்திருக்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையிலாயினும் வேறெங்காயினும் சேர்க்கும்பொழுது, விபத்து எங்கே, எவ்வாறு நேர்ந்தது என்பதை உள்ளபடியே எழுதுவிக்க வேண்டும். “வீட்டில் வழுக்கி விழுந்தார்” என்று நிலத்துக்குடையவரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தால் சொல்லப்படும் ஒரு வாக்கியம், பின்னர் எவ்வளவு திறமையுள்ள வக்கீலாலும் அழிக்க முடியாததாகிவிடும். காவல் நிலையத்தில் தகவல் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுக. அதைத் தகவல் கொடுத்தவருக்கு இலவசமாகத் தருவது சட்டம். விழுந்த இடம், அறுந்த கயிறு, மூடியில்லாத கிணறு ஆகியவற்றை அன்றே படம் எடுத்து வைக்க வேண்டும். மறுநாள் கிணற்றுக்கு மூடி வந்துவிடும். உடனிருந்தோர் பெயர்கள், மருந்துக் கடைச் சீட்டுகள், கூலி கொடுத்ததற்கான குறிப்பு இவையும் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் பட்டா, அடங்கல் விவரங்களையும், மரணம் நேர்ந்தால் வாரிசுச் சான்றிதழுக்கான அறிக்கையையும் தாமதமின்றித் தருவார்களாயின் குடும்பத்துக்குப் பேருதவியாகும். இறந்தவரின் வாரிசுகள் 1855-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடுக்கும் வழக்குக்கு மரணத் தேதியிலிருந்து 2 ஆண்டே கெடு.

மருத்துவமனை வாசலில் தாமாக வந்து “கேஸ் எடுத்துத் தருகிறேன்” என்பவர் வக்கீல் அல்லர், தரகரே. நீதிமன்றங்கள் இத்தகையோரின் பட்டியலை வெளியிட்டு ஒதுக்கி வைக்க, வழக்கறிஞர் சட்டத்தின் 45-ஏ பிரிவு அதிகாரம் தருகிறது. விளம்பரம் செய்து கட்சிக்காரரைத் தேடுவது வக்கீல்களுக்கே விலக்கப்பட்டது. கிடைக்கும் தொகையில் மூன்றிலொரு பங்கு, பாதிப் பங்கு என்று பேசிக்கொள்வதும் பார் கவுன்சில் விதிகளுக்கு முரணாகும். அமெரிக்காவில் அவ்வழக்கம் உண்டு, இந்தியாவில் அனுமதியில்லை. ஆகையால் கட்டணத்தை இன்ன தொகை, இன்ன தவணை என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுதலும், கொடுத்ததற்கு ரசீது பெறுதலும் முறையாகும். வெற்று வக்காலத்திலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்திடல் ஆகாது. அசல் தஸ்தாவேஜுகளைக் கொடுக்கும்போது நகல் வைத்துக்கொள்க. கட்டணப் பாக்கிக்காக வக்கீல் கட்டை நிறுத்திவைக்க உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீலைத் தேர்ந்தெடுக்கையில், இவ்வகை வழக்குகளை அவர் முன்பு நடத்தியிருக்கிறாரா என்று கேட்பதில் குறைவொன்றும் இல்லை. நிலத் தகராற்றில் பெயர் பெற்றவர் நஷ்டஈட்டு வழக்கிலும் அவ்விதமே இருப்பார் என்று சொல்வதற்கில்லை. எதிர்க்கட்சிக்கு உறவினரான வக்கீலைத் தவிர்ப்பது நன்று. நாகர்கோவிலில் இதை விசாரித்தறிவது கடினமன்று.

பணமில்லாதவருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் அதிகாரக் குழுச் சட்டத்தின்படி இலவச வக்கீல் கிடைப்பார். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமானக் கணக்கே கிடையாது. மாவட்டக் குழு நாகர்கோவிலில் உள்ளது. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் சமாதானமாகப் பெறும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பாகும். அதற்கு அப்பீல் இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பும்.

ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, “இனி யாதொரு பாத்தியமும் இல்லை” என முத்திரைத் தாளில் எழுதி வாங்குவது இம்மாவட்டத்தில் சாதாரணம். தொழிலாளி விஷயத்தில் அத்தகைய விடுதலைப் பத்திரம் செல்லாது என 1923-ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. மரணத்துக்கான நஷ்டஈட்டை உரிய அதிகாரியிடம் கட்டினாலன்றிக் கட்டியதாகவே கருதப்படமாட்டாது என்பதும் அச்சட்டத்தின் விதி. இதை அறியாத நிலவுடைமையாளர் இருமுறை கொடுக்க நேரும். கொடுக்க மனமுள்ளவரும் தமக்கென ஒரு வக்கீலைக் கலந்து, அதிகாரி மூலமாகவே கொடுப்பது உசிதம். தென்னையேறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ காப்பீடு உண்டு. 18 முதல் 70 வயது வரையுள்ள எவரும் வங்கிக் கணக்கின் மூலம் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்து, விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய்க் காப்பீடு பெறலாம். அறுவடை தொடங்குமுன் தம்மிடம் வழக்கமாக வரும் ஆட்களின் பெயர்களை இவற்றில் சேர்ப்பித்து, ரசீதுகளைக் களத்துக் கணக்குடன் வைத்துக்கொள்ள நிலவுடைமையாளருக்கு ஒரு நாள் போதும்.