ஒன்பதாம் நாள் போட்ட கடிதம்

சுவரைத் தட்டிப் பார்த்தேன். குழாயைத் திறந்து தண்ணீரின் வேகம் பார்த்தேன். ஊரில் காணி பார்க்கப் போனால் ஐயா என்னென்ன செய்வாரோ, எல்லாம் செய்தேன். பாரிஸுக்கு வடகிழக்கே செவ்ரானில் நாலாம் மாடி வீடு. மூன்று அறை, இங்கே கூடத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. 62 சதுர மீற்றர், விலை 148,000 யூரோ. பாரிஸ் நகரத்துக்குள் ஒரு சதுர மீற்றரே 9,000 யூரோவைத் தாண்டும். இந்தக் காசுக்கு அங்கே கட்டில் ஒன்று போட்டால் கதவு திறக்காத அறைதான் கிடைக்கும்.

"16ஆம் இலக்க மெத்ரோ வரப்போகுது, விலை ஏறும்" என்றார் தரகர். பாரிஸைச் சுற்றி 200 கிலோமீற்றர், 68 நிலையங்கள் என்று கட்டுகிற பெருந்திட்டத்தில் இந்த வழித்தடமும் ஒன்று. இந்த வழித்தடத்தில் ஒரு பகுதி 2024 ஒலிம்பிக்குக்கு முன்னரே ஓடும் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஓடவில்லை. ஆனாலும் வராத மெத்ரோவையும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார்கள்.

வங்கியில் சிக்கல் இருக்கவில்லை. 2021இல் ஒரு வீதத்தைச் சுற்றி நின்ற வட்டி, 2023 முடியும்போது நாலைத் தாண்டிப் போய், நாங்கள் கேட்ட நேரம் மூன்றுக்குச் சற்று மேலே இறங்கியிருந்தது. மாதத் தவணையும் காப்புறுதியும் வருமானத்தில் 35 வீதத்தைத் தாண்டக்கூடாது, கடன் 25 வருடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது 2022 தொடக்கம் வங்கிகளுக்கு உள்ள விதி. இரண்டுக்கும் சரிவந்தோம். நொத்தாரிசுச் செலவென்று பழைய வீட்டுக்கு ஏழெட்டு வீதம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பெயர்தான் நொத்தாரிசுக்கு, காசில் பெரும்பங்கு வரியாகப் போய்விடும்.

விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து 7,400 யூரோ முற்பணமும் கட்டினோம். கூடவே அந்தக் கட்டடத்து வீட்டுக்காரர் கூட்டங்களின் மூன்று வருடத்துக் குறிப்புகளைத் தந்திருந்தார்கள். எண்பது பக்கம், எல்லாம் சட்டப் பிரெஞ்சு. பாரிஸ் லாச்சப்பலில் இரவு பன்னிரண்டு மணிவரை கொத்துரொட்டி அடிக்கிற எனக்கு அதற்கு ஏது நேரம்? மேசையில் கிடந்தது.

எட்டாம் நாள் இரவு, உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற மகள் சும்மா புரட்டிப் பார்த்தவள் கேட்டாள்:

"அப்பா, சார்ஜ் மூன்று மாதத்துக்கு 1,140 யூரோ எண்டு தெரியுமா?"

தரகர் சொன்னவர்தான். நான்தான் வருடத்துக்கென்று நினைத்திருந்தேன். மாதம் 380 யூரோ! கட்டடத்தின் பொதுச் செலவுக்கு வீட்டுக்காரர் கட்டுகிற காசுதான் சார்ஜ். லிப்ட், பொதுக் கொதிகலன், துப்புரவு எல்லாம் அதற்குள். வங்கி பார்த்த 35 வீதத்துக்குள் இது வரவில்லை.

அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள். பதினான்கு வீட்டுக்காரர் சார்ஜ் கட்டாமல் நிலுவை. வெளிச்சுவருக்குக் குளிர்காப்புப் போட வாக்களித்து முடிந்திருந்தது. அதில் நாங்கள் வாங்கவிருந்த வீட்டின் பங்கு 19,000 யூரோ. இந்த வேலைகளுக்குத் தவணை கேட்டு வருகிற நாளில் யார் வீட்டுக்காரரோ, அவர்தான் கட்டவேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் தப்பலாம். எங்களதில் எழுதியிருக்கவில்லை. எரிசக்தித் தரச்சான்றில் எஃப். அந்தத் தர வீட்டை 2028 தொடக்கம் புதிதாக வாடகைக்கு விடவும் முடியாது.

நிலுவை என்பதைச் சின்ன விசயமாக எடுக்கக்கூடாது. கட்டாதவர்கள் கூடக் கூட, கொதிகலனுக்கும் லிப்டுக்கும் கட்டக் காசிருக்காது, கட்டடம் பழுதாகும், விலை விழும், வசதியுள்ளவன் விற்றுவிட்டுப் போவான். பாரிஸுக்குத் தெற்கே கிரினி 2 என்ற குடியிருப்பில், ஏறக்குறைய 5,000 வீடுகள், இப்படியே போய்க் கடைசியில் அரசாங்கம் இறங்க வேண்டி வந்தது. மலிவென்று நான் நினைத்த விலைக்குள் இவ்வளவும் இருந்தது.

வீடு வாங்குகிறவர் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே பின்வாங்கலாம். சட்டம் தருகிற உரிமை அது. ஒன்பதாம் நாள் காலையில் தபால் கந்தோர் திறக்க முதலே வாசலில் நின்றேன், பதிவுத் தபாலோடு. பின்வாங்கினால் 21 நாளுக்குள் முற்பணத்தைத் திருப்பித் தரவேண்டும். எங்களுக்குப் பதினேழாம் நாளே வந்தது. தரகர் மட்டும் இரண்டு கிழமை போன் எடுக்கவில்லை.

போன மாதம் மனிசியோடு அந்தத் தெருவால் போனேன். கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். நாலாம் மாடி யன்னலில் புதுத் திரைச்சீலை தொங்கியது.

"நல்ல நிறம்" என்றாள் மனிசி.