இயற்கைத் தேர்வு கேட்கும் விலை

1848-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கறுப்பு நிற அந்துப்பூச்சி ஒன்று முதன்முதலாகப் பதிவானது. 'பிஸ்டன் பெட்யுலாரியா' என்ற அந்த இனத்துக்கு வழக்கமாக வெளிர் இறக்கையும் அதில் கரும்புள்ளிகளும்தான் இருக்கும். ஆலைப் புகை மரப்பட்டைகளை எல்லாம் கருக்கியிருந்த காலம் அது. வெளிர் பூச்சி கரிய மரத்தில் பளிச்சென்று தெரிந்தது; பறவைகள் கொத்திக்கொண்டு போயின. 1895 வாக்கில் அந்த வட்டாரத்தில் நூற்றுக்கு 98 பூச்சிகள் கறுப்பு. ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்பதால், ஐம்பது தலைமுறைக்குள் அங்கே ஓர் இனமே நிறம் மாறிவிட்டது. பாடநூல்கள் இந்தக் கதையை இங்கே நிறுத்திவிடும்.

பிரிட்டிஷ் மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் நிறுத்தவில்லை. இவ்வளவு வேகத்தில் மாற வேண்டுமானால், ஒரு வெளிர் பூச்சி விட்டுச்செல்லும் சந்ததியைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கைக் கறுப்புப் பூச்சி விட்டுச்சென்றிருக்க வேண்டும் என்று 1924-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 1957-ல் ஒரு கட்டுரையில் அவர் கேட்ட கேள்வி இன்னும் சங்கடமானது: இந்த ஒரு மாற்றத்துக்காக மொத்தம் எத்தனை உயிர்கள் சாக வேண்டும்?

புதிய மரபணு பரவுகிறது என்றால், பழையதைச் சுமந்தவை சந்ததி விடாமல் போகின்றன என்றுதான் பொருள். தேர்வு கடுமையாக இருந்தால் தலைமுறைக்கு நிறைய உயிர்கள் போகும். காரியம் சீக்கிரம் முடியும். மென்மையாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். காரியம் இழுத்துக்கொண்டே கிடக்கும். மொத்தச் சாவுக் கணக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஹால்டேன் கண்டார். தொடக்கத்தில் அந்த மரபணு எவ்வளவு அரிதாக இருந்தது என்பதுதான் கணக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது. சராசரியாக அந்த இனத்தின் எண்ணிக்கையைப் போல 30 மடங்கு என்று அவர் வைத்துக்கொண்டார். ஒரு லட்சம் உயிர்கள் கொண்ட இனத்தில் ஒரே ஒரு மரபணு மாற 30 லட்சம் சாவுகள். தலைமுறைக்கு நூற்றுக்குப் பத்து வீதம் இந்தக் கணக்கில் எழுதலாம் என்றால், ஒரு மரபணுவுக்கு 300 தலைமுறைகள்.

ஒரே சமயத்தில் பல மரபணுக்களை மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது. அந்துப்பூச்சியின் நிறம் பாதிப் பேரை வடிகட்டியது என்று வைத்துக்கொள்வோம். அதே கடுமையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்துப் பண்புகள் வடிகட்டப்பட்டால், மிஞ்சுவது 1,024-ல் ஒன்று. அந்த இனம் மாறாது, அழியும்.

கட்டுரை வெளிவந்த அதே ஆண்டில் ஹால்டேன் லண்டனை விட்டுக் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். 1961-ல் இந்தியக் குடிமகனானார். 1964-ல் புவனேசுவரத்தில் காலமானார். அக்கட்டுரையை வெளியிட்ட 'ஜர்னல் ஆஃப் ஜெனிட்டிக்ஸ்' இதழின் ஆசிரியரும் அவரே. அவரோடு இந்தியா வந்த அந்த இதழ் இன்றும் பெங்களூருவிலிருந்து வருகிறது.

300 தலைமுறை என்ற எண்ணைப் பரிணாமத்தை மறுப்பவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மனிதனும் சிம்பன்சியும் பிரிந்து சுமார் 60 லட்சம் ஆண்டுகள். தலைமுறைக்கு 20 ஆண்டு என்றால் மூன்று லட்சம் தலைமுறைகள். 300-ஆல் வகுத்தால் மனிதக் கிளைக்கு ஆயிரம் மரபணு மாற்றங்கள்தான் கிடைக்கும். ஆனால் இரு இனங்களின் டி.என்.ஏ.வில் மூன்றரைக் கோடி எழுத்துகள் வேறுபடுகின்றன. இது எப்படிச் சரியாகும் என்பது அவர்கள் வாதம்.

அந்த வேறுபாடுகளில் பெரும்பாலானவை நன்மையும் செய்யாமல், தீமையும் செய்யாமல் தற்செயலாகப் பரவியவை. ஜப்பானிய அறிஞர் மோட்டூ கிமுரா 1968-ல் முன்வைத்த நடுநிலைக் கொள்கை அதைத்தான் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், கிமுராவுக்குக் கைகொடுத்ததே ஹால்டேனின் கணக்குதான். இவ்வளவு மாற்றத்தையும் தேர்வே செய்திருந்தால் எந்தப் பாலூட்டியாலும் அந்தச் சாவுக் கணக்கைத் தாங்கியிருக்க முடியாது, ஆகவே தேர்வு செய்யவில்லை என்று அவர் வாதிட்டார். நடுநிலை மாற்றத்துக்கு யாரும் சாக வேண்டியதில்லை.

அதே ஆண்டில் ஹால்டேனின் மாணவர் ஜான் மேனார்ட் ஸ்மித் வேறொரு ஓட்டையைக் காட்டினார். ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனியாகச் சாவு எழுத வேண்டியதில்லை. இரையும் இடமும் போதாமல் போட்டி நடக்கும்போது மொத்தத்தில் பின்தங்கியவைதான் விழுகின்றன. அப்படி விழும் ஒவ்வொன்றும் பல பழைய மரபணுக்களைக் கூடவே கொண்டுபோகும். ஒரே கல்லில் பல மாங்காய். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1896-ல் 163 மக்காச்சோளக் கதிர்களோடு தொடங்கிய சோதனை இதற்குச் சாட்சி. தலைமுறைதோறும் எண்ணெய் மிகுந்த கதிர்களை மட்டும் விதைக்கு எடுத்தார்கள். ஐந்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்த எண்ணெய், நூறு தலைமுறையில் இருபதை எட்டியது. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து கூட்டாகச் செய்த வேலை அது.

ஆக, 300 என்பது விதியல்ல. தன் முடிவுகளுக்குப் பெரிய திருத்தம் தேவைப்படக்கூடும் என்று ஹால்டேனே கட்டுரையின் கடைசியில் எழுதியிருக்கிறார். எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை.

சாவுக் கணக்கைத் தவிர வேறு தடைகளும் உண்டு. அந்துப்பூச்சியின் கறுப்பு, ஓங்கு மரபணுவால் வருவது; ஒரு பிரதி போதும், நிறம் தெரியும். ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கும்போதே ஐந்நூறு பூச்சிக்கு ஒன்று கறுப்பாகிவிடும். அதுவே இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளிப்படும் ஒடுங்கு மரபணுவாக இருந்திருந்தால் பத்து லட்சத்தில் ஒன்றுதான் கறுப்பு. எவ்வளவு நல்ல மரபணுவானாலும் வெளியே தெரியாதவரை தேர்வின் கையில் சிக்காது.

எண்ணில்தான் திருத்தம், விலை கொடுத்தாக வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அந்த விலை சந்ததிப் பெருக்கத்திலிருந்துதான் வர வேண்டும். கொசு ஒரே தடவையில் நூறு முட்டைக்கு மேல் இடும். பூச்சிமருந்து தொண்ணூறைக் கொன்றாலும் மீதி தாக்குப்பிடிக்கும். யானை 22 மாதம் சுமந்து ஒரு கன்று ஈனும். அடுத்ததற்குச் சில ஆண்டுகள் ஆகும். சூழல் மாறினால் உயிரினங்கள் தாமாகப் பழகிக்கொள்ளும் என்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறார்கள்.

மொசாம்பிக்கின் கோரோங்கோசா தேசியப் பூங்காவில் நடந்ததைப் பார்க்கலாம். 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் தந்தத்துக்காக யானைகளைச் சுட்டன. தந்தமில்லாத பெண் யானைகள் தப்பின. போருக்கு முன் பெண் யானைகளில் 18.5 சதவீதத்துக்குத் தந்தமில்லை. பிறகு அது 51 சதவீதம் ஆனது. காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாகவும், அது ஆண் கருவைக் கொன்றுவிடுவதாகவும் 2021-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆகவே தந்தமற்ற ஆண் அங்கே இல்லை. அந்த மரபணு எல்லா யானைகளுக்கும் பரவவும் முடியாது. அரிதான ஒன்றிலிருந்து தொடங்காமல், ஐந்தில் ஒரு பெண் யானையிடம் ஏற்கெனவே இருந்த பண்பு அது. அப்படியும், சுமார் 2,500 யானைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் செத்த பிறகும், எஞ்சிய பெண் யானைகளில் பாதிக்குத் தந்தம் இருந்தது.